கோச்சைக் கேள்வி கேளுங்கள், ஒரே அளவுகோலோடு

அமெரிக்காவில் மார்ச் மாதம் வந்துவிட்டால் சில மாநிலங்களில் ஊரே ஒரு மனிதரைப் பார்த்துக் கேள்வி கேட்கும். டைம்-அவுட் ஏன் எடுக்கவில்லை? நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையனை ஏன் வெளியே உட்காரவைத்தாய்? மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது ஏன் ஃபவுல் செய்யச் சொல்லவில்லை? கேட்கப்படுபவர் கவர்னர் அல்ல. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கோச்.

விளையாட்டுதானே, அதுவும் எங்கோ நடக்கிற விளையாட்டு, இதை இங்கே எதற்குப் பேச வேண்டும் என்று சில தோழர்கள் நினைக்கலாம். அந்தக் கோச் யார், அவருக்குக் கீழே ஆடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் புரியும்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பொதுத்துறை ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் அல்லது கூடைப்பந்து கோச்தான். களத்தில் ஓடுகிறவர்கள் மாணவர்கள். முதல்நிலை ஆண்கள் அணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கருப்பின இளைஞர்கள். தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் பணம் ஈட்டும் உரிமைகூட அவர்களுக்கு 2021 ஜூலையில்தான் கிடைத்தது. பல்கலைக்கழகமே வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்ற நிலை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் வந்தது. அதுவரை கோச்சுக்குக் கோடிகள், ஆடுகிற பையனுக்குக் கல்வி உதவித்தொகை.

அப்படிப்பட்ட நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து ரசிகர் கேள்வி கேட்பது தவறே அல்ல. அணிக்குள் இருக்கும் 19 வயதுப் பையனால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். கேரவனில் இருப்பவரும் டிக்கெட் வாங்கியவரும் கேட்கட்டும். ஆனால் எதை வைத்துக் கேட்கிறோம், யாரிடம் எவ்வளவு காரமாகக் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2008 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ நகரம். என்.சி.ஏ.ஏ. ஆண்கள் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ஜான் கேலிபாரியின் மெம்பிஸ் அணி. மறுபக்கம் பில் செல்ஃபின் கேன்சஸ் அணி. மெம்பிஸ் அந்த ஆண்டு அதுவரை ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. இறுதிப்போட்டியில் 2 நிமிடம் 12 விநாடி மீதமிருக்கும்போது 60–51 என்று 9 புள்ளி முன்னிலை. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு கேன்சஸ் ஒவ்வொரு புள்ளியாகக் கடித்துத் தின்றது. கடைசி 75 விநாடிகளில் மெம்பிஸ் வீரர்கள் 5 ஃப்ரீ த்ரோ எறிந்து நான்கைத் தவறவிட்டார்கள். அவற்றில் மூன்றைத் தவறவிட்டவர் அணியின் முன்னணி வீரர் கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ். ஒன்றைத் தவறவிட்டவர் டெரிக் ரோஸ். இருந்தும் 10 விநாடி மீதமிருக்கையில் 63–60 என்று மூன்று புள்ளி முன்னிலை இருந்தது. கேன்சஸின் ஷெரான் காலின்ஸ் தடுமாறியபடியே பந்தைக் கொண்டுவந்து மாரியோ சால்மர்ஸிடம் கொடுத்தார். 2.1 விநாடி மீதமிருக்க, சால்மர்ஸ் எறிந்த பந்து மூன்று புள்ளியாக வலைக்குள் விழுந்தது. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் கேன்சஸ் 75–68 என்று வென்றது.

அன்று இரவு தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை: மூன்று புள்ளி முன்னிலையில் கேலிபாரி ஏன் ஃபவுல் செய்யவைக்கவில்லை?

கூடைப்பந்து பழக்கமில்லாத தோழர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நீங்கள் 3 புள்ளி முன்னிலையில் இருக்கிறீர்கள், எதிரணியிடம் பந்து, சில விநாடிகளே மீதம். அவர்கள் எறிவதற்கு முன்பே வேண்டுமென்றே ஃபவுல் செய்தால் அவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தாலும் நீங்கள் ஒரு புள்ளி முன்னால். மூன்று புள்ளி எறிய அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. கேட்கும்போது வெல்லமாக இனிக்கும் யோசனை.

இதிலும் ஓட்டைகள் இருக்கின்றன. கொஞ்சம் தாமதித்து, அவர் எறியும்போது கையில் பட்டுவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ போய்விடும். இரண்டில் முதலாவதைப் போட்டுவிட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, திரும்பி வரும் பந்தைப் பிடித்துப் போட்டாலும் ஆட்டம் சமன். புள்ளிவிவரக்காரர்கள் பல ஆண்டுகளாக எண்ணிப் பார்த்துவிட்டு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஃபவுல் செய்வதே எப்போதும் சரி என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் பெரிதாக இல்லை.

அதோடு கேலிபாரி ஆட்டம் முடிந்த பிறகு சொன்னது என்ன? ஃபவுல் செய்யத்தான் முயன்றோம், நடுவர் விசில் ஊதும் அளவுக்கு அது அமையவில்லை என்பதுதான். ஆக, 15 ஆண்டுக்கு மேலாக அவரைத் துரத்தும் குற்றச்சாட்டின் உள்ளே முடிவு ஒன்று, நடந்தது வேறொன்று. ரசிகருக்குத் தெரிந்தது நடந்தது மட்டும்தான்.

அப்படியானால் கேலிபாரி மீது தவறே இல்லையா? இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் சுட்டுகிற இடத்தில் அல்ல. அந்த சீசன் முழுக்க மெம்பிஸ் ஃப்ரீ த்ரோவில் நாட்டிலேயே மோசமான அணிகளில் ஒன்றாக இருந்தது. பத்துக்கு ஆறு விழுந்தால் பெரிது. பத்திரிகையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முக்கியமான நேரத்தில் எங்கள் பையன்கள் போட்டுவிடுவார்கள் என்று கேலிபாரி கடந்து போனார். முக்கியமான நேரம் வந்தது. பையன்கள் போடவில்லை. கடைசி 10 விநாடியில் தெரிந்த ஓட்டை நவம்பரிலிருந்தே இருந்தது. வென்றுகொண்டிருந்தவரை அதை யாரும் பெரிய பிரச்சினையாக்கவில்லை. தோற்ற பிறகு எல்லோரும் கடைசி விநாடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நம் கேள்வி தவறுவது இங்கேதான். முடிவு எடுத்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும் என்று பார்க்காமல், பந்து விழுந்ததா இல்லையா என்று பார்த்து அறிவாளி, முட்டாள் என்று பட்டம் கட்டுகிறோம்.

விர்ஜீனியா கோச் டோனி பென்னட்டின் கதை இதற்கு இன்னும் தெளிவான சான்று. அவர் ஆட்டமுறை மெதுவானது. எதிரணியை உள்ளே விடாமல் அடைத்து, பந்தைப் பொறுமையாகச் சுற்றவிட்டு, குறைந்த புள்ளிகளில் ஆட்டத்தை முடிப்பார். 2018 மார்ச் 16 அன்று அவருடைய முதல்நிலை அணி, 16ஆம் நிலையில் இருந்த யு.எம்.பி.சி. என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 74–54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதுவரை 16ஆம் நிலை அணிகள் முதல்நிலை அணிகளிடம் ஆடிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. இடைவேளையில் 21–21. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளி வாங்கினார்கள். இவ்வளவு மெதுவாக ஆடினால் பின்தங்கியபோது எப்படி எழுவாய் என்று நாடே சிரித்தது. முக்கிய வீரர் டியாண்ட்ரே ஹண்டர் கை எலும்பு முறிந்து ஆடாததைச் சிரிப்பில் மறந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அதே கோச், அதே மெதுவான முறை. 2019 அரையிறுதியில் 0.6 விநாடி மீதமிருக்கும்போது விர்ஜீனியா இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. ஆபர்ன் வீரர் ஒருவர் ஃபவுல் செய்ய, கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். 63–62. ஏப்ரல் 8 அன்று டெக்சஸ் டெக் அணியை 85–77 என்று கூடுதல் நேரத்தில் வென்று கோப்பை. அதே பொறுமைக்கு இப்போது ஞானம் என்று பெயர். அந்த 0.6 விநாடியில் நடுவர் விசில் ஊதாமல் போயிருந்தால்? பென்னட் மறுபடியும் பழைய மடையர்தான். ஒரு மனிதருடைய அறிவு நடுவரின் விசிலைப் பொறுத்து ஏறி இறங்குமா?

இப்படித் தீர்ப்பு சொல்வதால் களத்தில் ஒரு விளைவும் உண்டு. கல்லூரிக் கூடைப்பந்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வீரர் வெளியே போக வேண்டும். அதனால் முதல் பாதியிலேயே நட்சத்திர வீரருக்கு இரண்டு ஃபவுல் ஆகிவிட்டால், பெரும்பாலான கோச்சுகள் அவரை உடனே பெஞ்சில் உட்காரவைத்து இடைவேளைவரை எழுப்புவதில்லை. ரசிகருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அது நியாயமான எரிச்சல். ஐந்தாவது ஃபவுல் ஆகி வெளியே போனால் என்ன நஷ்டமோ, அதே நஷ்டத்தைக் கோச்சே முன்கூட்டி தன் அணிக்குச் செய்கிறார். முதல் பாதியில் எடுக்கும் புள்ளிக்கும் இரண்டாம் பாதியில் எடுக்கும் புள்ளிக்கும் ஒரே மதிப்புதானே?

பிறகு ஏன் செய்கிறார்கள்? பழி பயம் ஒரு பெரிய காரணம். ஆடவிட்டு வீரர் ஐந்து ஃபவுல் ஆகி வெளியேறினால், மறுநாள் எல்லோர் விரலும் கோச்சை நோக்கி நீளும். உட்காரவைத்து மெதுவாகத் தோற்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் செய்கிற தவறைச் செய்தால் வேலை பிழைக்கும். யாரும் செய்யாத சரியானதைச் செய்து தோற்றால் வேலை போகும். விளைவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் ரசிகர்கள், தாங்களே வெறுக்கிற கோழைத்தனமான கோச்சிங்கைத் தாங்களே வளர்க்கிறார்கள்.

பழி பயம் எல்லாக் கோச்சுக்கும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான்.

1939இல் தொடங்கிய இந்த ஆண்கள் போட்டியில், 2025 வரை கோப்பை வென்ற கருப்பினக் கோச்சுகள் நான்கே பேர். 1984இல் ஜார்ஜ்டவுனின் ஜான் தாம்சன். 1994இல் ஆர்கன்சாவின் நோலன் ரிச்சர்ட்சன். 1998இல் கென்டக்கியின் டபி ஸ்மித். 2014இல் கனெக்டிகட்டின் கெவின் ஆலி. ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் கருப்பினத்தவர். ஆட்டத்தைத் தீர்மானிப்பவர் என்ற நாற்காலியில் கோப்பையோடு உட்கார்ந்தவர்கள் இவ்வளவுதான்.

ரிச்சர்ட்சனைப் பாருங்கள். அவர் ஆட்டமுறைக்கு '40 நிமிட நரகம்' என்று பெயர். களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஆட்டம் முழுக்க எதிரணியை மூச்சுவிடவிடாமல் அழுத்துவது. இதைச் செய்ய எட்டு, பத்துப் பேரைத் தொடர்ந்து மாற்றி இறக்க வேண்டும். யார் களைத்தார், யாரை எந்த நிமிடத்தில் எடுப்பது, எப்போது அழுத்தத்தைத் தளர்த்துவது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட வேண்டும். 1994 இறுதியில் மைக் ஷஷெவ்ஸ்கியின் டியூக் அணியை 76–72 என்று வென்றார். அந்த நாட்களில் அவர் வெளிப்படையாகவே ஒரு குறையைச் சொல்லிவந்தார். வெள்ளையினக் கோச் வென்றால் அது மூளை என்கிறீர்கள். நான் வென்றால் என் பையன்கள் வேகமாக ஓடுகிறார்கள் என்கிறீர்கள்.

அவர் கற்பனை செய்து சொல்லவில்லை. கல்லூரிக் கூடைப்பந்து வர்ணனையாளர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து சூசன் ஈஸ்ட்மேன், ஆண்ட்ரூ பில்லிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருப்பின வீரர்களைப் பற்றிப் பேசும்போது வேகம், பலம், பிறவித் திறன். வெள்ளையின வீரர்களைப் பற்றிப் பேசும்போது உழைப்பு, புத்தி. இந்தப் பழைய வார்ப்பு அப்படியே தொடர்ந்ததை அவர்கள் காட்டினார்கள். உடம்பு ஒருவருக்கு, மூளை இன்னொருவருக்கு என்று பிரித்து வைக்கும் கணக்கு எப்படி வேலை செய்யும் என்று நம் வாசகர்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

2002இல், தன் தோலின் நிறத்தால் தன்னை வேறுமாதிரி நடத்துகிறார்கள் என்று ரிச்சர்ட்சன் பத்திரிகையாளர் சந்திப்பில் வெடித்தார். சில நாட்களில் வேலை போனது. வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. வழக்கின் முடிவை வைத்துத் தனிமனிதர் யாரையும் குற்றவாளி ஆக்க நான் வரவில்லை. 2014இல் அவர் பெயர் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் சேர்ந்தது. கோப்பை வென்று 20 ஆண்டு கழித்து.

டபி ஸ்மித்தின் கதை இன்னும் பொருத்தமானது, ஏனென்றால் அது ரசிகர்களின் கதை. 1997இல் கென்டக்கியின் முதல் கருப்பினத் தலைமைக் கோச் ஆனார். 1966 இறுதிப்போட்டியில் முழுக்க வெள்ளையின அணியோடு வந்து, கருப்பின வீரர்கள் மட்டுமே ஆடிய டெக்சஸ் வெஸ்டர்ன் அணியிடம் 72–65 என்று தோற்ற அதே கென்டக்கி. ஸ்மித் முதல் ஆண்டிலேயே கோப்பை வென்றார். உடனே வந்த பதில்: அது முந்தைய கோச் ரிக் பிட்டினோ சேர்த்துவைத்த பையன்கள். பத்து ஆண்டுகளில் 263 வெற்றி, 83 தோல்வி. பத்து ஆண்டும் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குத் தகுதி. ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'பத்துத் தோல்வி டபி'. 2007இல் அவர் மினசோட்டாவுக்குப் போனார். அவருக்குப் பின் வந்த பில்லி கில்லிஸ்பி இரண்டாவது ஆண்டிலேயே என்.சி.ஏ.ஏ. போட்டிக்குத் தகுதிபெறத் தவறி வெளியேற்றப்பட்டார்.

கில்லிஸ்பி வெள்ளையினத்தவர், அவரையும்தானே விரட்டினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கென்டக்கி ரசிகர்கள் யாரையும் எளிதில் விடுவதில்லை. பின்னாளில் அங்கே வந்த கேலிபாரியும் தப்பவில்லை. 2024 மார்ச்சில் கென்டக்கி 14ஆம் நிலையில் இருந்த ஓக்லண்ட் அணியிடம் 80–76 என்று தோற்றது. ஓக்லண்டின் ஜாக் கோல்கி என்ற ஒரே வீரர் 10 மூன்று புள்ளிகள் எறிந்தார். ஐந்தாவது விழுந்தபோதே ஆளை மாற்றி ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது. களத்தில் எல்லோர் கண்முன்னும் திரும்பத் திரும்ப நடந்த ஒன்றைப் பற்றிய கேள்வி அது.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். கேலிபாரியிடம் கேட்டது 'ஏன் இதைச் செய்யவில்லை' என்று. அடுத்த மாதமே அவர் ஆர்கன்சாவில் அதே உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரிச்சர்ட்சனிடமும் ஸ்மித்திடமும் கேட்டதில் 'உனக்கு இது தெரியுமா' என்ற தொனி கலந்திருந்தது. முதலாவது ஒரு முடிவைப் பற்றிய கேள்வி. இரண்டாவது ஒரு மனிதருக்கு அந்த இடத்தில் இருக்கத் தகுதி உண்டா என்ற சந்தேகம். ஒருவர் தோற்றால் அன்று தவறு செய்துவிட்டார். இன்னொருவர் தோற்றால் அவரிடம் எப்போதுமே சரக்கு இல்லை. வென்றாலும் அது வேறு யாரோ சேர்த்துவைத்த பையன்கள். தோல்விக்கு மட்டும் முழு உரிமையாளர், வெற்றிக்குப் பங்காளிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழி மேலே நிற்காவிட்டால் கீழே இறங்கும். 1993 இறுதிப்போட்டியில் மிச்சிகன் இரண்டு புள்ளி பின்னால் இருந்தபோது, 11 விநாடி மீதமிருக்கையில் கிறிஸ் வெப்பர் இல்லாத டைம்-அவுட்டைக் கேட்டார். டெக்னிக்கல் ஃபவுல், தோல்வி. அவருக்கு அப்போது வயது 20. டைம்-அவுட் எத்தனை மீதம் என்று அந்தச் சத்தத்துக்கு நடுவே ஆடுகிறவர்களுக்கு நினைவூட்டுவது பெஞ்சின் வேலையும்தான். ஆனால் இன்றும் அந்த நிகழ்வுக்கு வெப்பரின் பெயர்தான். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மாநிலங்கள் விளையாட்டுச் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதிக்க வழி திறந்தது. அதற்குப் பிறகு பந்தயத்தில் பணம் இழந்தவர்களின் வசவு நேராக மாணவர்களின் செல்போனுக்கே போகிறது. கோச் எடுத்த முடிவுக்குப் பையன் வாங்கிக்கட்டிக்கொள்கிறான்.

ஆகவே தோழர்களே, கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள் என்கிறேன்.

ஒன்று, பந்து வலைக்குள் விழுந்திருந்தால் இதே முடிவைப் பாராட்டியிருப்பீர்களா? ஆம் என்றால் உங்கள் கோபம் முடிவின் மீது இல்லை, தோல்வியின் மீது.

இரண்டு, உங்கள் கேள்வி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போய்ச் சேர்கிறதா, அந்த அதிகாரம் இல்லாத பையன் தலையில் விழுகிறதா?

மூன்று, இதே முடிவை வேறு நிறத்தில், வேறு பின்னணியில் பிறந்த ஒருவர் எடுத்திருந்தால் இதே சொற்களைத்தான் பயன்படுத்தியிருப்பீர்களா? ஒருவருக்கு 'தவறு', இன்னொருவருக்கு 'தகுதியில்லை' என்று சொல் மாறினால், தராசைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதன் முள்ளைப் பாருங்கள்.

மூன்றையும் தாண்டி நிற்கும் கேள்வியை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கேளுங்கள். ஐந்தாவது மூன்று புள்ளி விழுந்தபோதே ஏன் ஆளை மாற்றவில்லை என்று கேளுங்கள். நவம்பரிலேயே ஃப்ரீ த்ரோ பயிற்சியை ஏன் கூட்டவில்லை என்று கேளுங்கள், அதுவும் அணி வென்றுகொண்டிருக்கும்போதே கேளுங்கள். அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.